மாரியில் வீட்டுக்குள் உடுப்புக் காயவைப்பது: காசை எதில் போடுவது, எதில் போடக்கூடாது

தங்கச்சி, பரந்தன் பக்கம் வீட்டுத்திட்ட வீடு, இரண்டு அறை, ஒரு சின்ன ஹோல், குசினி, அதற்குள் கைக்குழந்தையோடு சேர்த்து ஆறு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். கார்த்திகை பிறந்ததிலிருந்து தோய்த்த உடுப்பு மூன்று நாளாகியும் காயவில்லை, காய்ந்ததும் மணக்கிறது, பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் கரும்புள்ளி விழுந்துவிட்டது, மாமிக்குத் தொய்வு (ஆஸ்துமா) கூடியிருக்கிறது. தவணைக்கு ஒரு டிரையர் எடுப்பதா, காற்றில் ஈரம் உறிஞ்சுகிற மெஷின் எடுப்பதா என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அந்தக் காசில் ஒரு சின்னப் பங்கை வேறு இரண்டு விஷயத்தில் போட்டால் உங்கள் வீட்டு உடுப்பு ஒரு இரவில் பெரும்பாலும் காய்ந்துவிடும். ஏன் என்றும் எப்படி என்றும் விளக்கமாகவே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருபது வருடத்துக்கு மேல் மனையியல் படிப்பித்தவள். அதைவிட முக்கியம், தறப்பாள் கொட்டில், தகரக் கொட்டகை, இப்போது ஓட்டு வீடு என்று மூன்று கூரைக்குக் கீழேயும் வன்னி மாரியில் உடுப்புக் காயவைத்திருக்கிறேன். 2009 மாரியில் செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குள் இருந்தபோது, பின்னேரம் பாதி காய்ந்த பிள்ளைத்துணி விடியப்புறம் தொட்டால் திரும்பவும் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும். மழை ஒழுகவில்லை. உள்ளே இருந்த எங்கள் மூச்சும் ஈரத்துணியின் ஆவியும் குளிர்ந்த தறப்பாளில் பட்டுத் தண்ணீராகி, அந்தத் துணியிலேயே திரும்ப விழுந்தது. தகரக் கூரை வீட்டில் இருந்தவர்களுக்கும் இது தெரியும், தகரம் வியர்க்கும். துணியை விட்டுப் போன தண்ணீர் வீட்டை விட்டுப் போகவில்லை என்றால் அது காய்ந்த கணக்கில்லை என்பதை எனக்கு எந்தப் புத்தகமும் அதற்கு முன் அவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

அதைக் கணக்காகப் பாருங்கள். உங்கள் அறை 10 அடிக்கு 10 அடி, உயரம் 9 அடி என்று வைத்தால் உள்ளே ஏறக்குறைய 25 கன மீற்றர் காற்று இருக்கிறது. 27 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று அதிகபட்சம் 26 கிராம் அளவு நீராவியைத்தான் வைத்திருக்கும், முழு அறைக்கும் 650 கிராம். ஆனால் மாரிக் காற்று வரும்போதே 85 வீதம் நிரம்பித்தான் வருகிறது. மிச்சம் எவ்வளவு இடம்? 100 கிராம், அதாவது அரைக் கிளாஸ் தண்ணீர். ஆறு பேர் வீட்டில் ஒரு நாளைக்குத் தோய்க்கிற உடுப்பு உலர்ந்த நிறையில் 4 கிலோ என்றால், கையால் பிழிந்த பிறகும் அதில் 3 லீற்றருக்கு மேல் தண்ணீர் நிற்கும். அரைக் கிளாஸுக்கு இடமுள்ள அறையில் 3 லீற்றரைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டு, தூவானம் அடிக்கிறது என்று யன்னலையும் பூட்டிவிட்டால் அது எங்கே போகும்? சுவருக்கும் மெத்தைக்கும் அலுமாரிக்கும்தான் போகும். அறையின் காற்று முப்பது தடவைக்கு மேல் முழுதாக மாறினால்தான் அந்தத் தண்ணீர் வெளியேறும். ஆகவே இரண்டு வேலை இருக்கிறது: கொடியில் போடுவதற்கு முன்பே எவ்வளவு தண்ணீரை எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுப்பது, பிறகு காற்றை ஓடவிட்டு வெளியே அனுப்புவது. சூடாக்குவதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

முதல் வேலைதான் பெரிய வேலை, அதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமனான சக்தி வேண்டும், வெயிலோ காற்றோ டிரையரோ யார் கொடுத்தாலும் அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும். அதே தண்ணீரைச் சுழற்றி எறிவதற்கு அதில் கடுகளவு போதும். இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷினில் உடுப்பைச் சுழற்றுகிற அந்தச் சின்னத் தொட்டி இருக்கிறதே, அது ஐந்து நிமிடம் ஓட ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்குகூட எடுக்காது, கையால் பிழிந்த உடுப்பில் நிற்கும் தண்ணீரில் பாதியளவை எடுத்துவிடும். உங்களிடம் மெஷின் இல்லை, கிணற்றடியில் கையால்தான் தோய்க்கிறீர்கள் என்றால், காசைப் போட வேண்டிய முதல் இடம் இதுதான். புது மெஷின் தேவையில்லை. தோய்க்கிற பக்கம் பழுதாகி, சுழற்றுகிற பக்கம் மட்டும் நல்லாக இருக்கிற பழைய இரட்டைத் தொட்டிகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் திருத்துகிற கடைகளில் கிடக்கும், கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது மூடியைத் திறந்தால் தொட்டி உடனே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், நிற்காவிட்டால் வாங்காதீர்கள், சுழலும் தொட்டிக்குள் கை வைத்த பிள்ளையின் கை முறிந்துவிடும். எர்த் வயர் சரியாகப் போட்டிருக்க வேண்டும், வீட்டு ட்ரிப் சுவிட்சில் இருக்கிற டெஸ்ட் பொத்தானை அமத்திப் பார்த்து சுவிட்ச் விழுகிறதா என்று ஒரு தடவை சோதித்துவிடுங்கள், ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று அதைத் தொடக்கூடாது.

மெஷினுக்கு வழியில்லை என்றாலும் பரவாயில்லை. பெட்சீற், சாரம் போன்றதை இரண்டு பேர் இரண்டு தலைப்பில் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள், தனி ஆளாக இருந்தால் ஒரு தூணில் சுற்றி இரண்டு தலைப்பையும் சேர்த்துப் பிடித்து முறுக்கலாம். சட்டை, பள்ளி உடுப்பு, பின்னல் துணி எல்லாவற்றையும் காய்ந்த துவாய் ஒன்றை விரித்து அதன் மேல் பரப்பி, பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, அதன் மேல் ஏறி நின்று மிதியுங்கள். துவாய் குடித்த தண்ணீரைப் பார்த்தால் உங்களுக்கே நம்ப முடியாது. பிறகு உடுப்பை நேரே அறைக்குள் கொண்டுவராமல் கிணற்றடிக் கூரைக்குக் கீழோ குளியலறையிலோ ஒரு மணித்தியாலம் தொங்கவிடுங்கள். தண்ணீர் எல்லாம் கீழே இறங்கி விளிம்பில் வந்து நிற்கும், அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போய் அந்த விளிம்பையும் கைமடிப்பையும் மட்டும் பிழிந்துவிட்டு வாருங்கள். என் மாமி சொல்லித் தந்த பழக்கம் இது, இரண்டு நிமிட வேலை, காயும் நேரத்தில் நல்ல வித்தியாசம் தெரியும்.

இனிக் கொடி. வீட்டுத்திட்ட வீடுகள் பலதும் 500 சதுர அடியைச் சுற்றித்தான், அதில் சுவருக்குச் சுவர் ஒரே கயிறு கட்டி, இடமில்லை என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுகிறோம். கயிறு நடுவில் தொய்யும், உடுப்பெல்லாம் வழுக்கி நடுவுக்கு வந்து ஒரு குவியலாகும், குவியலின் நடு ஒருபோதும் காயாது. கயிற்றுக்குப் பதில் தடி வையுங்கள். மூங்கில் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் ஹாட்வெயாரில் ஒரு அங்குல பிவிசி பைப் வாங்கி 6 அடித் துண்டாக வெட்டி, இரண்டு நைலோன் கயிற்றில் கூரை வளையில் தொங்கவிடலாம். அப்படி இரண்டு தடி, ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி இடைவெளியில். சின்னக் கப்பி ஒன்று பூட்டினால் போட்டுவிட்டு மேலே இழுத்துக் கட்டலாம், கீழே நடமாட இடம் மிஞ்சும், மேலே காற்று கொஞ்சம் சூடாகவும் இருக்கும். தகரக் கூரை என்றால் மட்டும் ஒன்றரை அடியாவது கீழே இறக்கிக் கட்டுங்கள், இரவில் அது வியர்த்துச் சொட்டும். அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீடென்றால் கொழுக்கி போட அந்தச் சீற்றைத் துளைக்கவே கூடாது, அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. மரத்தில் மட்டும் கொழுக்கி அடியுங்கள். தும்புக் கயிறும் துருப்பிடித்த கம்பியும் வெள்ளை உடுப்பில் கறை பிடிக்கும், அதையும் விட்டுவிடுங்கள்.

போடுகிற விதமும் இருக்கிறது. உடுப்புக்கும் உடுப்புக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி, ஒரு நெடிய உடுப்பு, அடுத்து ஒரு குட்டையான உடுப்பு என்று மாறி மாறி. சட்டையை ஹாங்கரில் போட்டு மேல் தெறியை மட்டும் பூட்டுங்கள். காற்சட்டையின் பொக்கற்றை வெளியே இழுத்துவிட்டு, இடுப்பைத் திறந்து வட்டமாக இரண்டு மூன்று கிளிப்பில் தொங்கவிட்டால் உள்ளே காற்று ஏறி இறங்கும். சாரமும் பாவாடையும் உருளை போல இருக்கிற உடுப்பு, அதை ஒரு தடியில் இரண்டாக மடித்துப் போடுவது பெரிய பிழை, நாலு மடிப்புத் துணி ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு தடியையும் சாரத்துக்குள் விட்டு விரித்துப் பாருங்கள், ஒரு சுரங்கம் போல நிற்கும், காற்று உள்ளால் போய் வெளியால் வரும், இரவே காய்ந்துவிடும்.

எந்த இடத்தில் என்றால், கார்த்திகை, மார்கழியில் எங்களுக்குக் காற்றும் மழையும் வடகிழக்கால்தான் வருகிறது. அந்தப் பக்கத்து யன்னலில் தூவானம் அடிக்கும், எதிர்ப்பக்கமான தென்மேற்குப் பக்கம் பெரும்பாலும் நனையாது. உங்கள் விறாந்தையோ பின்பத்தியோ தென்மேற்கைப் பார்த்திருந்தால் பகலில் உடுப்புக்கு அதைவிட நல்ல இடம் வீட்டுக்குள் கிடையாது. பக்கவாட்டில் மழை வந்தால் ஒரு தறப்பாளைத் திரை போலக் கட்டலாம், ஆனால் மேலேயும் கீழேயும் ஒரு அடி இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும், முழுதாக மூடினால் பழைய தறப்பாள் கொட்டில் கதைதான். அறைக்குள் போடுவதானால் எதிரெதிரான இரண்டு திறப்பு வேண்டும், ஒரு யன்னல் மட்டும் திறந்தால் காற்று ஓடாது. வெளியே மழை பெய்கிறதே, திறந்தால் ஈரம் உள்ளே வந்துவிடாதா என்று என் மாணவிகள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். ஈரத்துணி தொங்குகிற அறையின் காற்று பெரும்பாலும் வெளிக்காற்றைவிட ஈரமானது, ஆகவே தூவானம் படாத யன்னலைத் திறப்பது அனேகமாக இலாபம்தான். மழை விட்டு, முகில் விலகுகிற மத்தியானம் 11 மணியிலிருந்து 3 மணி வரை வெளிக்காற்று அன்றைய நாளிலேயே காய்ந்த காற்று, அந்த நேரத்தில் கதவு யன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்துவிடுங்கள்.

அப்புறம் ஃபான். இதுதான் நான் சொன்ன இரண்டாவது செலவு, அனேகமாக உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். ஈரத்துணியைச் சுற்றி ஒரு மெல்லிய ஈரக்காற்றுப் படை ஒட்டிக்கொண்டு நிற்கும், அது விலகினால்தான் அடுத்த தண்ணீர் வெளியே வரும், ஃபான் செய்வது அதைத்தான். மேலே சுற்றுகிற சீலிங் ஃபானைவிட நிற்கிற ஃபானோ மேசை ஃபானோ நல்லது. தடியின் ஒரு முனையில் வைத்து, உடுப்புகளின் நடுவால் காற்று ஓடும்படி, மற்ற முனையில் திறந்த யன்னல் இருக்கும்படி வையுங்கள். முகத்துக்கு நேரே அடிப்பது போல முதல் உடுப்பில் அடித்தால் அது மட்டும் காயும், பின்னால் நிற்பதெல்லாம் ஈரமாகவே நிற்கும். மிக வேகமாகப் போடவும் தேவையில்லை. 50 வாட் ஃபான் இரவு 8 மணித்தியாலம் ஓடினால் 0.4 யூனிட், மாதம் முழுக்க ஓடினாலும் 12 யூனிட்.

இதை டிரையரோடு வைத்துப் பாருங்கள். சூடாக்குகிற சாதாரண டிரையர் ஒரு தடவைக்கு 2 முதல் 4 யூனிட் எடுக்கும். மாதம் 25 தடவை, நடுத்தரமாக 3 யூனிட் என்றால் 75 யூனிட். எங்கள் நாட்டு வீட்டுக் கட்டணத்தில் மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு கணக்கு, 60 ஐத் தாண்டிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு, மாதாந்த நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். உங்கள் வீடு இப்போது 40, 45 என்று நிற்கிறதென்றால் அந்த டிரையர் தன்னுடைய யூனிட்டுக்கு மட்டுமல்ல, உங்கள் மின்குமிழுக்கும் ஃபானுக்கும்கூடக் கூடிய விலை கட்ட வைக்கும். அதோடு தவணைக் காசு. வருடத்தில் மூன்று மாதத்துக்காக, மற்ற ஒன்பது மாதமும் வெயில் கொளுத்துகிற ஊரில் அது வேண்டாம். ஈரம் உறிஞ்சுகிற மெஷின் உண்மையில் நல்ல கருவி, எங்கள் காலநிலைக்கு நன்றாக வேலையும் செய்யும், ஆனால் 200 வாட் அளவில் 10 மணித்தியாலம் ஓடினால் நாளுக்கு 2 யூனிட், அறையையும் இறுக்கி மூட வேண்டும், மூடிய அறையில் அது சூட்டையும் விடும், ஆறு பேர் படுக்கிற வீட்டில் அந்த அறையில் யார் படுப்பது? மலிவாக விற்கிற கையடக்கமான குட்டி மெஷின்களை வாங்கவே வாங்காதீர்கள். அவை நாளுக்கு அரை லீற்றர் அளவுதான் எடுக்கும், நீங்கள் ஒரு சாரத்தைக் கையால் பிழிந்தாலே அவ்வளவு வரும்.

அடுப்புக்கு மேலே கொடி கட்டுவது எங்களில் நிறையப் பேருக்குப் பழக்கம். விறகடுப்பு என்றால் புகைமணமும் கரியும் ஏறும் என்பது ஒரு புறம், பொலியெஸ்டர் கலந்த குழந்தைச் சட்டை ஒன்று நழுவி நெருப்பில் விழுந்தால் உருகிப் பற்றும், இரவில் எல்லாரும் படுத்த பிறகு தணலுக்கு மேலே உடுப்பைத் தொங்கவிட்டுப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். காஸ் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்கினால் காயும் என்று நினைப்பது இன்னும் பிழை. ஒரு கிலோ காஸ் எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. நீங்கள் வெளியேற்ற நினைத்த ஈரத்தைக் காசு கொடுத்து உள்ளே கொண்டுவருவதுதான் அது, மூடிய அறையில் நச்சுப் புகையும் சேரும்.

மணத்துக்கு வருகிறேன். ஈர உடுப்பில் வருகிற அந்த மணத்துக்குக் காரணம் அழுக்கு மட்டும் இல்லை. மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்கிற பக்டீரியா துணியில் தங்கி, நாங்கள் விட்டுவைத்த வியர்வையையும் உடம்புக் கொழுப்பையும் தின்று ஒருவகை அமிலத்தை வெளியே விடுகிறது, ஜப்பானில் வீட்டுக்குள் உடுப்புக் காயவைக்கிறவர்களின் இதே பிரச்சினையை ஆராய்ந்தபோது 2012இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அது துணி காய்ந்தாலும் சாகாது, அதனால்தான் நல்லாகக் காய்ந்த துவாய் கூட முகம் துடைத்து ஈரம் பட்டதும் திரும்ப மணக்கிறது. வாசனைத் திரவம் ஊற்றுவதால் அது போகாது. சூடு கொடுத்தால் போகும். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் வெள்ளாவி வைத்துத் தோய்த்தார்களே, நீராவியில் அவித்து எடுத்த அந்த வேட்டி சேலையில் இந்தப் பிரச்சினையே இருந்திருக்காது. நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது இது: மணக்கிற துவாய், பனியன், வெள்ளைச் சட்டைகளை ஒரு அலுமினியப் பானையில் போட்டு, இரண்டு பங்கு கொதிதண்ணீருக்கு ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர் என்ற கணக்கில் ஊற்றினால் துணி சேர்ந்ததும் 60 பாகைக்குக் கிட்ட நிற்கும், மூடி அரை மணித்தியாலம் விட்டுவிட்டுப் பிறகு வழமை போலத் தோயுங்கள். பிள்ளைகள் கிட்டப் போகாத இடத்தில் வைத்துச் செய்யுங்கள். மாரி முழுக்க இரண்டு கிழமைக்கு ஒரு தடவை செய்தால் போதும். கைக்குழந்தையின் துணிகளைப் பத்து நிமிடம் கொதிக்க விட்டே எடுங்கள்.

வெள்ளைச் சட்டையின் கரும்புள்ளி பூஞ்சணம். பருத்தி என்றால் ப்ளீச்சைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்துச் சிறிது நேரம் ஊறவைத்தால் பெரும்பாலும் போகும், ஆழமாக ஊறிவிட்ட புள்ளி முழுதாகப் போகாது. ஆனால் ஒன்று, ப்ளீச் ஊற்றிய வாளிக்குள் வினாகிரி, தேசிக்காய்ப் புளி, கழிவறை கழுவுகிற அமிலம் எதுவும் சேரக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும், தொய்வுக்காரர் இருக்கிற வீட்டில் அது உயிராபத்து. வெளியில், காற்றோட்டத்தில் வைத்துச் செய்யுங்கள்.

இன்னொரு விஷயமும் எங்கள் மண்ணுக்கே உரியது. வன்னிக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினநீர், சவர்க்காரம் நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னும் போடுவோம், அது துணியில் ஒரு பசை போலப் படிந்து நிற்கும். அந்தப் பசையில் ஈரமும் நிற்கும், பக்டீரியாவும் வளரும். மாரியில் கூரையால் வருகிற மழைத்தண்ணீர் மென்னீர், இலவசம். ஓட்டிலோ தகரத்திலோ இருந்து முதல் பத்து நிமிடம் வருகிற அழுக்குத் தண்ணீரை விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பீப்பாவில் பிடித்து வையுங்கள். பாதிச் சவர்க்காரத் தூள் போதும், இரண்டு தடவை அலசினால் துணி சுத்தமாக வந்துவிடும். பெருமழைக்குப் பிறகு கிணறு கலங்கி வெள்ளைச் சட்டை பழுப்பாகிறது என்று கவலைப்படுகிறவர்களுக்கும் இதே மருந்துதான். பீப்பாவை வலைத்துணியால் மூடிக் கட்டுங்கள், இது டெங்குக் காலம். உடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க வைக்கிற பேசினையும் ஒவ்வொரு நாளும் ஊற்றிக் கவிழ்த்துவிடுங்கள். வீட்டுக்குள் தொங்குகிற உடுப்பின் மறைவில் நுளம்பு பகலில் ஒதுங்கி இருக்கும், கொடியை ஒரு தடவை உதறிவிட்டுப் பிள்ளையைக் கிட்ட விடுங்கள்.

மாமி படுக்கிற அறையில் ஒரு கைக்குட்டைகூடக் காயப்போட வேண்டாம், இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பூஞ்சணமும் ஈரமும் தொய்வைக் கிளப்பும். ஹோலில் போட்டு, அந்த அறைக் கதவை மூடி, ஹோல் யன்னலால் காற்றை வெளியே விடுங்கள். அவருடைய கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிப்பதும் குறையும். குழந்தையின் உடுப்பு வைக்கிற பெட்டியில் பூச்சி உருண்டை போடாதீர்கள், சில குழந்தைகளுக்கு அதனால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடையும்.

தோய்க்கிற நாளையும் மாற்ற வேண்டும். கிழமைக்கு ஒரு தடவை, சனிக்கிழமை எல்லாவற்றையும் தோய்க்கிற பழக்கம் கோடைக்குத்தான் சரி. மாரியில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம், அன்றைக்கு இரண்டு தடி கொள்ளுகிற அளவு மட்டும். ஊறவைத்த உடுப்பை இரவு முழுக்க வாளிக்குள் விடக்கூடாது, மணத்தின் பாதி அங்கேதான் தொடங்குகிறது. பள்ளிச் சீருடையைப் பிள்ளை வந்து கழற்றின உடனேயே தோய்த்து, சுழற்றி அல்லது துவாயில் சுருட்டி, 3 மணிக்குள் தடியில் போட்டுவிட்டால் இரவு ஃபான் காற்றில் முக்கால்வாசி காய்ந்துவிடும், காலையில் ஐந்து நிமிடம் அயன் பண்ணினால் மிச்சமும் போய்விடும். ஈரமான உடுப்பை அயனால் காயவைக்க வெளிக்கிடாதீர்கள், 1000 வாட் அயனில் அது டிரையரைப் போலத்தான் குடிக்கும். அயன் பண்ணிய சட்டையைச் சூட்டோடு மடிக்காமல் பத்து நிமிடம் ஹாங்கரில் விடுங்கள், உள்ளே நிற்கிற ஆவி போகட்டும். ஜீன்ஸ், தடித்த துவாய், போர்வை மூன்றையும் மழை இரண்டு நாள் விடும் வரை தள்ளிப்போடலாம். துடைப்பதற்கு மெல்லிய கைத்தறித் துவாய் இரண்டு வாங்குங்கள், குளிர்காலத்துத் தடித்த துவாய் காயும் நேரத்தில் அது மூன்று தடவை காயும்.

காய்ந்ததா என்று பார்ப்பதற்கு நடுத்துணியைத் தொடாதீர்கள். தையல், இடுப்புப் பட்டி, கொலர், இவற்றைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அப்படி ஒரு உடுப்பை அவசரத்தில் அலுமாரிக்குள் வைத்துவிட்டால் அதோடு சேர்ந்து மற்றதும் பழுதாகும். இப்போது உங்கள் அலுமாரியில் இருக்கிற எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உள்பலகையைக் காய்ந்த துணியால் துடைத்து, ஃபானை ஒரு மணித்தியாலம் அதற்குள் திருப்பிவிட்டு, பிறகு அடுக்குங்கள், சுவரோடு ஒட்டி நிற்கிறதென்றால் நாலு விரல் தள்ளி வையுங்கள்.

தை நடுவில் மழை ஓய்ந்து வெயில் வந்ததும் எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுபோங்கள், ஆனால் பின்னேரம் 5 மணிக்கு முன் எடுத்துவிட வேண்டும், அப்போது இரவில் பனி கடுமையாக விழும். முருங்கை மரத்தடியில் கொடி கட்டியிருந்தால் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மழைக்குப் பிறகு அதில் மசுக்குட்டி பிடிக்கும், அதன் மயிர் குழந்தைத் துணியில் பட்டால் உடம்பெல்லாம் தடித்துப் பிள்ளை இரவு முழுக்க அழும்.